குளியலும் ஓவியமும்: குற்றாலத்தை முன்வைத்துச் சில எண்ணங்கள்

சென்ற ஆண்டு ஐப்பசியில் நம் பழைய மாணவி ஒருத்தியிடமிருந்து நீண்டதொரு மின்னஞ்சல் வந்தது. திருவேங்கடத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் தீப்பெட்டி ஆலைத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவள். கல்லூரியில் கணிதம் பயின்றவள் எனினும் பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் முன்வரிசையை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள். இப்போது பெங்களூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணி. அந்நிறுவனம் அவளை ஆறு மாதங்களுக்கு ஜப்பானின் ஒசாகா நகருக்கு அனுப்பியிருந்தது. அங்கு கிடைத்த நான்கு நாள் தொடர் விடுமுறையில், செட்டோ உள்நாட்டுக் கடலில் இருக்கும் தீவுகளுக்குத் தன்னந்தனியே சென்று வந்திருக்கிறாள். ஓவியங்களையும் சிற்பங்களையும் பார்ப்பது, பொதுக் குளியலகங்களில் குளிப்பது, இவ்விரண்டைத் தவிர அந்த நான்கு நாள்களில் வேறெதுவும் செய்யவில்லை என்று எழுதியிருந்தாள்.

மடலின் இறுதியில் ஒரு வினா இருந்தது. "ஐயா, இதேபோல் நான் தனியாகக் குற்றாலம் போய், அருவியில் குளித்து, சித்திர சபையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வர முடியுமா?"

பத்து நாள்களாக நாம் அம்மடலுக்கு மறுமொழி எழுதவில்லை. தேர்வுத்தாள் திருத்தம் என்று ஒரு காரணத்தை நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். உண்மைக் காரணம் வேறு. இருபது ஆண்டுகளாகச் சாரல் காலந்தோறும் நாம் தனியே குற்றாலம் சென்று வருகிறோம். தனிமையில் அருவியாடுவதன் சுகத்தைப் பற்றி வகுப்பில் அரைமணி நேரம் பேசியும் இருக்கிறோம். அந்த வகுப்பில் பாதிப்பேர் பெண்கள். அவர்களுக்கும் அது வாய்க்குமா என்று ஒரு நாளும் நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

நிற்க. முதலில் அவள் கண்டவற்றைச் சிறிது கூறிவிடுவோம். நாம் ஜப்பான் சென்றவரல்லர். நிழற்படக் கலை பயில 1930களில் தனியாகக் கப்பலேறி அந்நாட்டுக்குச் சென்ற ஏ.கே. செட்டியாரின் எழுத்துகளும், தி. ஜானகிராமனின் 'உதயசூரியன்' என்னும் பயண நூலுமே நம் ஜப்பானிய ஞானத்தின் அடிப்படை. மற்றவை பின்னர் தேடிப் படித்தவை.

அவள் முதலில் இறங்கிய தீவின் பெயர் நவோஷிமா. ஒகாயாமா மாநிலத்தின் ஊனோ துறைமுகத்திலிருந்து படகில் இருபது நிமிடம். மக்கள்தொகை ஏறத்தாழ மூவாயிரம்; நம் பக்கத்துப் பெரிய கிராமம் ஒன்றின் அளவுதான். தீவின் வடபகுதியில் 1917 முதல் செம்பு உருக்காலை ஒன்று இயங்கி வந்தது. அதன் புகையால் மலைகள் மொட்டையாயின. பக்கத்துத் தீவான தெஷிமாவிலோ தொழிற்கழிவுகளை ஆண்டுக்கணக்கில் சட்டவிரோதமாகக் கொட்டிவைத்தார்கள். தீவு மக்கள் நெடுங்காலம் போராடி, 2000ஆம் ஆண்டில்தான் அவ்வழக்குக்கு ஒரு தீர்வு கண்டனர். இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட, முதியவர்கள் மட்டுமே எஞ்சிய இத்தீவுகளில்தான், பதிப்பும் கல்வியும் சார்ந்த பெரு நிறுவனம் ஒன்றின் முதலாளி கலைக்கூடங்களை எழுப்பத் தொடங்கினார். 1992இல் முதல் கூடம். 2004இல் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ வடிவமைத்த, மலைக்குள் புதைந்தவாறு அமைந்த சிச்சு கலைக்கூடம். அங்கே பிரெஞ்சு ஓவியர் மோனேயின் அல்லிக்குள ஓவியங்கள் ஐந்து இருக்கின்றன. அவற்றுக்கு மின்விளக்கு கிடையாது. பகல் வெளிச்சத்தில் மட்டுமே பார்க்க வேண்டும். மேகம் மூடினால் ஓவியமும் மங்கும். வெயில் வந்தால் அதுவும் விழிக்கும்.

தெஷிமாவில் 2010இல் திறக்கப்பட்ட கலைக்கூடம் இன்னும் விந்தையானது. நீர்த்துளி வடிவில் ஒரு வெண்ணிறக் கூடு. தூண்களே இல்லை. உள்ளே படமும் இல்லை, சிலையும் இல்லை. தரையின் நுண்துளைகளிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக ஊறி, ஓடி, ஒன்றோடொன்று கலக்கிறது. அதைப் பார்த்தபடி அமர்ந்திருக்க வேண்டியதுதான். "எங்கள் வீட்டில் அம்மா இரவு இரண்டு மணிக்குக் குழாயடியில் உட்கார்ந்து குடம் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது" என்று எழுதியிருந்தாள். கரிசல் மண்ணில் பிறந்தவள் வேறெதை நினைப்பாள்?

இனி குளியல். நவோஷிமாவின் மியானோவுரா துறைமுகத்தருகே 2009இல் ஷின்ரோ ஓடாகே என்ற ஓவியர் ஒரு குளியலகத்தை உருவாக்கினார். அதன் பெயர் 'ஐ லவ் யூ'. 'யூ' என்றால் ஜப்பானிய மொழியில் வெந்நீர். ஓட்டுச் சில்லுகள், பழைய கப்பல் சாமான்கள், தொட்டியின் அடித்தளத்தில் படங்கள் என்று கட்டடம் முழுவதும் அவருடைய கைவண்ணம். ஆண் பகுதியையும் பெண் பகுதியையும் பிரிக்கும் சுவரின்மேல் ஒரு யானை நிற்கிறது. இது காட்சிப் பொருளன்று. உள்ளூர்க் கிழவிகளும் பயணிகளும் கட்டணம் கொடுத்து அன்றாடம் குளிக்கும் இடம். ஆடை முழுவதையும் களைந்து, தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து, உடம்பைத் தேய்த்துக் கழுவிய பின்னரே பொதுத் தொட்டியில் இறங்கலாம். சிறுதுண்டும் தண்ணீரில் படக்கூடாது. கைபேசியை உள்ளே எடுக்கக் கூடாது. முதல் நாள் வெட்கத்தால் வாசலோடு திரும்பிவிட்டாளாம். இரண்டாம் நாள் உள்ளே போனாள். அங்கிருந்த ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. அதுதான் தன்னை அழவைத்தது என்று எழுதியிருந்தாள். இருபத்தெட்டு வயதில் முதன்முறையாக யாரும் பார்க்காத இடத்தில் தண்ணீரில் இருந்தேன் என்பது அவள் வாசகம்.

குளியலையும் ஓவியத்தையும் இணைப்பது அந்நாட்டில் புதுமையன்று. நகரங்களின் சாதாரணக் குளியலகங்களில் தொட்டிக்கு மேலே சுவர் முழுக்க பூஜி மலையை வரைந்துவைக்கும் வழக்கம் 1912இல் டோக்கியோவின் கண்டா பகுதியில் தொடங்கியது. கூலிக்காரரும் கடைக்காரரும் வெந்நீரில் கழுத்தளவு அமிழ்ந்தபடி அந்த நீலமலையைப் பார்ப்பார்கள். இன்று வீடுதோறும் குளியலறை வந்துவிட்டது. 1960களின் இறுதியில் பதினெட்டாயிரம் அளவில் இருந்த இத்தகைய குளியலகங்கள் இன்று ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டன. மலை வரையும் ஓவியர்கள் விரல்விட்டு எண்ணும் அளவினரே. ஆகவே ஜப்பானியர் எல்லாவற்றையும் காத்துவிட்டனர், நாம்தான் தொலைத்தோம் என்னும் வழக்கமான புலம்பலுக்கு இங்கே இடமில்லை. பச்சை குத்தியவர்களைப் பல குளியலகங்கள் இன்றும் உள்ளே விடுவதில்லை. நம் பக்கத்துப் பாட்டிகளில் பாதிப்பேர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

நம் ஊருக்கு வருவோம். திருவேங்கடம் வானம் பார்த்த பூமி. கரிசல் மண், பருத்தி, மிளகாய், மக்காச்சோளம், அதை விட்டால் தீப்பெட்டிக் கட்டு. தண்ணீர் என்பது இங்கே கணக்கு வைத்துச் செலவழிக்கும் பொருள். நாம் சிறுவராய் இருந்தபோது குளியல் என்றால் இரண்டு வாளி. கமலைக் கிணறுகள் பம்புசெட்டுக் கிணறுகளாக மாறிய பின், தோட்டக்காரர் நல்ல மனநிலையில் இருந்தால் தொட்டிக் குளியல். அதிலும் எல்லாரும் எல்லாக் கிணற்றிலும் இறங்கிவிட முடியாது. எந்தத் தெருவுக்கு எந்தக் கிணறு என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நடக்கத் தெரிந்த பிள்ளைக்கே அது தெரிந்திருந்தது.

இப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்குக் குற்றாலம் என்பது என்னவென்று ஆற்றங்கரைக்காரர்களுக்கு விளங்க வைப்பது கடினம். ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போனவர்கள் அப்படியே தென்காசி வண்டியைப் பிடிப்பார்கள். வீரசிகாமணி, சேர்ந்தமரம் தாண்டிச் சுரண்டையை நெருங்கும்போது காற்று மாறும். ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று முகத்தில் படும். பேருந்தில் பேச்சு நின்று எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்புவார்கள். அங்கே கணக்கில்லாத தண்ணீர். இது எந்தத் தெருக்காரர் தண்ணீர் என்று யாரும் கேட்பதில்லை. நாமறிந்த வரையில், கரிசல்காட்டு மனிதன் பக்கத்தில் நிற்பவன் யாரென்று விசாரிக்காமல் குளித்த முதல் இடம் அருவிக்கரைதான். இந்த ஒன்றுக்காகவே குற்றாலத்தின் கூட்டத்தை நாம் வெறுப்பதில்லை. அங்கே இடிபடும் தோள்களுக்கு ஒரு மதிப்பு உண்டு.

பேரருவியின் அமைப்பைச் சற்று நின்று பார்த்தவர்கள் குறைவு. சிற்றாறு ஏறத்தாழ அறுபது மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. நேராக விழுந்தால் கீழே நிற்பவனின் கழுத்து முறிந்துவிடும். ஆனால் பாறையின் நடுவே பொங்குமாகடல் என்று பெயர் பெற்ற ஆழ்ந்த குழியொன்று இருக்கிறது. நீர் முழு வேகத்தோடு அதற்குள் விழுந்து, நிறைந்து, பொங்கி, வேகம் தணிந்து வழிகிறது. நாம் தலையில் வாங்குவது அந்த வழிசலைத்தான். மலையே ஒரு கட்டடக் கலைஞனின் வேலையைச் செய்து வைத்திருக்கிறது. அது போதாதென்று, அருவி வழியும் பாறையில் யாரோ பழங்காலத்தில் சிவலிங்கங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நீர் குறைந்த நாளில் அவை கண்ணுக்குத் தெரியும், பெருகினால் மறையும். ஓவியம் வெளிச்சத்தோடு விழித்து மங்குவதை நவோஷிமா சென்று காண்கிறவர்கள், சிற்பம் நீரோடு தோன்றி மறைவதை இங்கே காணலாம். காண்பார் யார்? ஷாம்புப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துத் திறந்துகொண்டிருப்போம். (அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாதென்று நீதிமன்றம் தடுத்திருக்கிறது. பொட்டலங்கள் தடையை அறிந்ததாகத் தெரியவில்லை.)

அருவியிலிருந்து நடக்கும் தொலைவில் சித்திர சபை இருக்கிறது. தில்லையில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம், திருவாலங்காட்டில் இரத்தினம் என்று கூத்தப்பிரானுக்குச் சொல்லப்படும் ஐந்து அம்பலங்களில் இது ஐந்தாவது. மற்ற நான்கிலும் இறைவன் திருமேனியாக நிற்கிறான். இங்கே மட்டும் சுவரில் தீட்டிய ஓவியமாக ஆடுகிறான். வழிபாட்டுக்குரிய மூர்த்தியே ஓவியம் என்பதன் வியப்பை நாம் உணர்வதில்லை. சிற்பம் கல்லில் நிலைத்தது. செப்புத் திருமேனி வீதியுலா வருவது. ஓவியமோ ஈரத்துக்கும் புகைக்கும் கரையக் கூடியது. ஆண்டில் பாதி நாள் சாரல் அடிக்கும் ஓர் ஊரில், கரையக் கூடிய ஒன்றைத் தெய்வமாக நிறுத்தி, அதற்கெனத் தனிக்கட்டடம் எழுப்பிச் செப்புத் தகட்டால் கூரை வேய்ந்த மனிதர்களின் துணிவை என்னவென்பது! நடுவே ஆடலரசன், சுற்றுச் சுவர்களில் திருவிளையாடல்கள், தேவியின் வடிவங்கள், திருமால். மார்கழித் திருவாதிரை விழாவில் அங்கே தாண்டவ தீபாராதனை நடக்கும்போது கூட்டம் இருக்கும். மற்ற நாள்களில், அதிலும் சாரல் காலத்தில், அருவியில் ஆயிரக்கணக்கானவர் நிற்க, இங்கே ஒரு கை விரலுக்குள் அடங்கும் ஆள்கள். வருகிறவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஒரு சுற்றுச் சுற்றி, மூன்று நிமிடத்தில் வெளியேறி, நேந்திரங்காய் வற்றல் கடைக்குப் போய்விடுகிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. நாமும் பத்தாண்டு அப்படித்தான் செய்தோம். எந்தச் சுவரில் எந்தக் கதை என்று சொல்வார் இல்லை. பெயர்ப்பலகையில் இருப்பதும் தலப்பெருமைதான்; ஓவியத்தைப் பற்றிய விளக்கம் அன்று.

தமிழன் எப்போதும் இப்படியா? இங்கே நாம் நம் தொழிலுக்குரிய நூலொன்றை இழுக்க வேண்டியிருக்கிறது. பரிபாடலைக் கடினமான நூல் என்று ஒதுக்குகிறவர்களே மிகுதி. முருகனையும் திருமாலையும் பாடும் பாடல்களோடு வையைப் புதுப்புனலில் மதுரை மாந்தர் நீராடுவதைப் பாடும் பாடல்களும் அந்நூலில் உள்ளன. பாடியவர் பெயரோடு இசையமைத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் குறிக்கப்பட்ட தொகை அது. ஆடை, சாந்து, ஊடல், வம்பு, இரைச்சல் எல்லாம் நிறைந்த குளியல். அதே நூலின் பத்தொன்பதாம் பாடலில் நப்பண்ணனார் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைக் காட்டுகிறார். மலைக்கு வந்த மக்கள் சுவரோவியங்களின் முன் நிற்கிறார்கள். இது யார், அது யார் என்று கேட்கிறார்கள். இது காமன், இவள் இரதி, பூனையாகி ஓடுகிறவன் இந்திரன், அவள் அகலிகை, இவன் கவுதமன் என்று அறிந்தவர் சொல்கிறார்கள். கேட்பதற்கு ஒருவர், சொல்வதற்கு ஒருவர். ஓவியம் பார்ப்பதற்கு அவ்வளவுதான் வேண்டும். புனலாட்டும் ஓவியக் காட்சியும் ஒரே தொகைக்குள், ஒரே நகரத்து மக்களின் பொழுதுகளாக இருந்தன என்பதே நாம் சொல்ல வருவது.

'குளிர்வித்தல்' என்பதே 'குளித்தல்' ஆயிற்று என்று நண்பர்கள் பலர் எழுதி வருகிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயின் முத்துக் குளித்தல் என்னும் வழக்கை அவர்கள் நினைத்துப் பார்ப்பது நல்லது. குளித்தல் என்றால் மூழ்குதல். மூழ்குவதற்கு ஆழமும் வேண்டும், பொழுதும் வேண்டும்.

குற்றாலத்திலேயே அப்படி மூழ்கியவர்கள் இருந்திருக்கிறார்கள். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் அருகில் வாழ்ந்தவர். அவருடைய குறவஞ்சியில் வரும் மலைவளம், அருவியை நாள்தோறும் பார்த்த கண்ணில்லாமல் வந்திருக்காது. அந்நூலுக்காக மதுரை நாயக்க மன்னர் விஜயரங்க சொக்கநாதர் அளித்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். பின்னாளில் ரசிகமணி டி.கே.சி. 1954இல் மறையும் வரை குற்றாலத்தை ஓர் இலக்கியத் தலமாக ஆக்கி வைத்திருந்தார். ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கினார்கள். அருவிக் குளியல், விருந்து, கம்பன் என்பதே அங்கே நிரல். கம்பன் பாடல்களில் அவர் கைவைத்ததை நாம் ஏற்பதில்லை. அந்த வழக்கைப் பிறிதொரு நாள் பேசலாம். ஆனால் குளித்த உடம்போடு கவிதை கேட்க வேண்டும் என்பதை அவர் கண்டுபிடித்துச் செயல்படுத்தினார். அதற்கு அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இவ்வளவும் சொன்ன பிறகு நம்மை உறுத்துவது ஒன்று உண்டு. கவிராயர் ஆண். ரசிகமணியும் அவருடைய நண்பர்களும் ஆண்கள். இருபது ஆண்டுகள் அருவியடியில் தனிமையைச் சுவைத்த நாமும் ஆண். குறவஞ்சியில் மலைமலையாகத் தனியே திரியும் பெண்ணொருத்தி இருக்கிறாள், சிங்கி. அவள் திரும்பி வந்தவுடன் சிங்கன் கேட்கும் கேள்விகளை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காலில் என்ன, கழுத்தில் என்ன, யார் தந்தது என்று ஒவ்வோர் அணிகலனுக்கும் கணக்குக் கேட்கிறான். வகுப்பில் அப்பகுதியை நகைச்சுவை என்றுதான் நடத்தி வந்தோம்.

மாணவியின் மடலுக்குப் பிறகு வந்த பருவத்தில், வைகாசிக் கடைசியில், நாம் ஒரு முறை குளிப்பதற்காக அன்றிப் பார்ப்பதற்காகவே சென்றோம். நாள் முழுவதும் அருவிகளைச் சுற்றினோம். பேரருவியிலும் ஐந்தருவியிலும் பெண்களுக்குத் தனிப்பகுதி இருக்கிறது. கம்பித் தடுப்பு இருக்கிறது. காவலர் இருக்கிறார்கள். தாயோடு, நாத்தியோடு, மகளோடு, வேனில் வந்த மகளிர் குழுவோடு பெண்கள் குளிக்கிறார்கள். தனியாக வந்த பெண் எங்கேனும் உண்டா என்று தேடினோம், கண்ணில் படவில்லை. குளிக்கிறவர்களும் புடவையின்மேல் துண்டு, சுடிதாரின்மேல் துப்பட்டா, இரவு உடையின்மேல் இன்னொரு துண்டு என்று நீரின் பாரத்தோடு துணியின் பாரத்தையும் சுமந்துகொண்டுதான் நிற்கிறார்கள். எதிரே நடைபாதையில் கைபேசிகள். யார் அருவியைப் படமெடுக்கிறார்கள், யார் வேறெதையோ எடுக்கிறார்கள் என்று எவராலும் சொல்ல இயலாது.

தேநீர்க் கடை வைத்திருந்த அம்மையாரிடம் கேட்டோம்.

"தனியா பொம்பளைங்க குளிக்க வருவாங்களாம்மா?"

"எதுக்கு சார் தனியா வரணும்?" என்றார். பிறகு கண்ணாடிக் குவளையைக் கழுவிக்கொண்டே, "நான் இங்கதான் இருக்கேன், முப்பது வருசமா. சீசன்ல ஒரு நாள்கூட குளிச்சதில்ல. சீசன் முடிஞ்சு தண்ணி வத்துற நேரத்துல, விடியுறதுக்கு முன்னால போயி நிப்பேன். அப்ப யாரும் இருக்கமாட்டாங்க" என்றார்.

நவோஷிமாவின் வெந்நீர்த் தொட்டியில் நம் மாணவி அழுததன் பொருள் அந்தக் கடையில்தான் நமக்கு விளங்கியது.

தங்குவதற்கு விடுதி கேட்டாலும் இதே கதை. தனியாக வரும் பெண்ணுக்கு அறை இல்லை என்பார்கள். நமக்கே ஒருமுறை, ஆளொருவனாக இருப்பதால், ஒரு விடுதியில் இடம் மறுத்தார்கள். தனியாக வருகிறவன் சாவதற்கு வந்தவனாக இருப்பான் என்னும் அச்சம். குடும்பமாக வந்தால் பயணி. நண்பர்களாக வந்தால் குடிப்பவர். தனியாக வந்தால் ஐயத்துக்குரியவர். தனியே ஒருவர் ஓரிடத்தைப் பார்க்கவும் நீரில் நிற்கவும் வரலாம் என்பது நம் விடுதிப் பதிவேடுகளில் இன்னும் ஏறவில்லை. யாத்திரைக்குத் தனியே போவோரை மதித்த மரபில் இந்த ஐயம் எப்போது புகுந்தது என்பதை அறிந்தவர் எழுதினால் மகிழ்வோம்.

பாதுகாப்பு என்று ஒரு மறுப்பு எழும். அதை நாம் தட்டிக்கழிக்கவில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து பள்ளி மாணவன் ஒருவன் உயிரிழந்தான். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்க, மேலே மலையில் பெய்த மழை இறங்கி வந்தால் ஓட நேரமிருக்காது. ஆகவே காவலும் எச்சரிக்கையும் தடையும் வேண்டும். செண்பகாதேவி, தேனருவிப் பக்கம் ஆள் போகாதிருப்பதும் காட்டுக்கு நல்லது. ஆனால் வெள்ளத்திலிருந்து காப்பது வேறு, கண்களிலிருந்து காப்பது வேறு. முன்னதற்குக் காவலர் போதும். பின்னதற்கு அருவிக்கரையில் கைபேசி கூடாது என்னும் ஒற்றை விதி போதும். ஜப்பானியத் தீவில் அந்த விதி இருந்ததால்தான் அவளால் ஆடையின்றியும் அச்சமின்றி இருக்க முடிந்தது. இங்கே இரண்டு துண்டு போர்த்தியும் முடியவில்லை.

சித்திர சபையைப் பொறுத்தவரை நம் விருப்பம் பெரிதன்று. அது கோயில், காட்சிக்கூடம் அன்று என்பார்கள். ஒப்புக்கொள்கிறோம். கோயிலாகவே இருக்கட்டும். ஆனால் இத்தெய்வம் ஓவியமாக இருப்பதால், பார்ப்பதே இங்கே வழிபாடு. பார்க்க வெளிச்சம் வேண்டும், உட்கார இடம் வேண்டும், 'இது யார்' என்று கேட்டால் சொல்ல ஒருவர் வேண்டும். சாரல் காலத்தில் உள்ளூர்க் கல்லூரிகளின் தமிழ் மாணவர்களையும் வரலாற்று மாணவர்களையும் முறைவைத்து அங்கே நிறுத்தலாம். செலவு அவர்களின் பேருந்துக் கட்டணம்தான். நம் துறையில் இதை முன்மொழிந்தபோது, நாக் குழுவினரின் வருகை முடியட்டும் என்றார்கள். தமிழகத்தில் திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சாலும் சுண்ணாம்பாலும் அழிந்த சுவரோவியங்கள் எத்தனையோ. பார்க்கும் கண்கள் இல்லாத சுவரில்தான் வெள்ளைச் சாந்து முதலில் ஏறும்.

செட்டோ கடலில் நடந்ததை இங்கே அப்படியே நகலெடுக்க வேண்டும் என்று யாரும் கொள்ள வேண்டாம். அது ஒரு செல்வந்தரின் பணம். அவர் இல்லாவிட்டால் அத்தீவுகளின் கதை வேறு. கடற்கரையில் 1994இல் வைத்த யாயோய் குசாமாவின் மஞ்சள் பூசணிக்காய்ச் சிற்பத்தை 2021இல் புயல் கடலுக்குள் தள்ளியது. மறுஆண்டே புதிதாகச் செய்து வைத்துவிட்டார்கள். நம் சித்திர சபை கரைந்தால் மறுபடி வைக்க ஒருவரும் இல்லை. நம்மிடம் மலையும் நீரும் சுவரும் ஏற்கெனவே இருக்கின்றன. எட்டையபுரத்துக்காரரான பாரதி 1916இலேயே ஜப்பானியக் கவிதை பற்றிச் சுதேசமித்திரனில் எழுதினார். சொல்லைக் குறைத்துப் பொருளைப் பெருக்கும் அந்த முறை அவரைக் கவர்ந்தது. நம்மைக் கவர்வதும் அந்நாட்டின் பணமன்று. ஒரு மனிதரைச் சற்று நேரம் தனியே விட்டுவிடும் அந்த நாகரிகம்தான்.

பதினோராம் நாள் மறுமொழி எழுதினோம். வா என்று எழுதத் துணிவில்லை. வராதே என்று எழுத வெட்கமாக இருந்தது. கடைசியில், வார நாளில் வா, விடியும்போதே அருவிக்குப் போய்விடு, அறை கேட்காதே, மாலைக்குள் சங்கரன்கோவில் வண்டியைப் பிடித்துவிடு என்று, ஓர் ஆசிரியன் எழுதக் கூடாத மடல் ஒன்றை எழுதி அனுப்பினோம். அவளிடமிருந்து 'சரி ஐயா' என்று மட்டும் பதில் வந்தது.

இந்த ஆனியில் ஊருக்கு வந்திருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் கைபேசியில் செய்தி அனுப்பினாள். பேச்சுத் தமிழில் இருந்ததை அப்படியே தருகிறோம்.

"ஐயா, குளிச்சிட்டேன். பத்து நிமிசம்தான் நிக்க முடிஞ்சது, அதுக்குள்ள கூட யாரு வந்திருக்கான்னு நாலு பேரு கேட்டுட்டாங்க. ஈரத் தலையோட சித்திர சபைக்கு வந்துட்டேன். இங்க ஒரு மணி நேரமா உக்காந்திருக்கேன், ஒண்ணும் கேக்கல. இப்பதான் ஒரு பாட்டி பக்கத்துல வந்து, இந்தச் சொவத்துல இருக்கிறது யாரு தாயீன்னு கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சதச் சொல்லிக்கிட்டு இருக்கேன். அடுத்த சொவத்துல ஒருத்தர் யாருன்னு தெரியல, போட்டோ எடுக்கட்டுமான்னு கேட்டுட்டு அனுப்புறேன், நீங்க சொல்லுங்க."